கணக்கு சுமாராக வருகிறவர் வானியற்பியல் படிக்கலாமா?

கேள்வி: வணக்கம் மேடம். தென்காசி மாவட்டத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. சின்ன வயதிலிருந்தே வானம் என்றால் எனக்குப் பைத்தியம். கருந்துளை பற்றி வந்த வீடியோ ஒன்றையும் விட்டதில்லை. அந்த ஆசையில் வானியற்பியல் அறிமுகத்தை விருப்பப் பாடமாக எடுத்தேன். உள்ளே போனால் முழுக்க லாக்கும் வாய்பாடும்தான். பிரகாசம் கூடினால் மேக்னிட்யூட் எண் ஏன் குறைகிறது என்பதே எனக்குப் பிடிபடவில்லை. முதல் இன்டெர்னலில் 25-க்கு 9. கல்லூரியில் தொலைநோக்கியும் கிடையாது. கணக்கு சுமாராக வருகிற நான் இதைத் தொடரலாமா? மேலே படிப்பதென்றால் எம்.எஸ்சி. வானியற்பியலா, இயற்பியலா? அப்பா பேசாமல் பி.எட். முடி என்கிறார்.

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

தொடரலாம். பதிலை முதலிலேயே சொல்லிவிட்டேன், மீதியை நிதானமாகப் படியுங்கள்.

உங்கள் விடைத்தாளை நான் பார்க்கவில்லை. ஆனால் இந்தப் பாடத்தைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். முதல் இன்டெர்னலில் ஒற்றை இலக்கம் வாங்கும் பிள்ளைகளின் தாளைத் திருத்தும்போது, வானியல் தெரியாததால் போன மதிப்பெண் அதிகம் இருக்காது. லாக் எடுப்பதில் போயிருக்கும். ஜூலா எர்க்கா என்று பார்க்காமல் எண்ணைப் போட்டதில் போயிருக்கும். வானியற்பியல் நூல்கள் பல இன்னும் சென்டிமீட்டர், கிராம், விநாடி அலகில்தான் எழுதுகின்றன. நீங்கள் பள்ளியிலிருந்து மீட்டரிலும் கிலோகிராமிலும் பழகியவர். ஒரு ஜூல் என்பது ஒரு கோடி எர்க். வாய்பாட்டைச் சரியாக எழுதிவிட்டு, ஒரு மாறிலியை இந்த அலகிலும் இன்னொன்றை அந்த அலகிலும் போட்டால் விடை எங்கேயோ போய் நிற்கும். கால்குலேட்டரில் லாக் பொத்தானும் இயல் மடக்கைப் பொத்தானும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதும் பலருடைய மதிப்பெண்ணைத் தின்றிருக்கிறது. இதையெல்லாம் வைத்துக்கொண்டு ‘எனக்கு வானியற்பியல் வராது’ என்று முடிவு கட்டுவது அநியாயம் அம்மா.

சரி, மேக்னிட்யூட். பிரகாசம் கூடினால் எண் குறைவதற்கு இயற்பியல் காரணம் எதையும் தேடாதீர்கள், அது வெறும் பழக்கம். பழைய கிரேக்க வானியலாளர்கள் கண்ணுக்குத் தெரிந்த விண்மீன்களைத் தரம் பிரித்தார்கள். மிகப் பிரகாசமானவை முதல் தரம், கண்ணுக்கு எட்டியும் எட்டாமலும் இருப்பவை ஆறாம் தரம். வகுப்பில் முதல் ரேங்க், ஆறாவது ரேங்க் என்கிறோமே, அப்படி. பிறகு 19-ஆம் நூற்றாண்டில் ஒளியை ஒப்பிட்டு அளக்க முடிந்தபோது, முதல் தரத்துக்கும் ஆறாம் தரத்துக்கும் இடையே கிட்டத்தட்ட 100 மடங்கு வித்தியாசம் இருப்பது தெரிந்தது. 1856-இல் நார்மன் போக்சன் என்ற ஆங்கிலேயர், 5 மேக்னிட்யூட் வித்தியாசம் என்றால் சரியாக 100 மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம் என்றார். இன்றுவரை அதுதான் நடப்பு. இந்தப் போக்சன் 1861-இல் சென்னை வானாய்வகத்துக்குத் தலைமையேற்க வந்தவர். வந்த ஆண்டே ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து அதற்கு ‘ஏசியா’ என்று பெயர் வைத்தார். 1891-இல் இறக்கும்வரை அந்தப் பதவியில்தான் இருந்தார். அந்த வானாய்வகத்தின் கருங்கல் தூண் ஒன்று, தமிழ் உட்படப் பல மொழிக் கல்வெட்டோடு, நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் இன்னும் நிற்கிறது. ஆக, உங்களைப் பாடாய்ப் படுத்தும் வாய்பாட்டின் சொந்தக்காரர் நம்மூரில் முப்பது ஆண்டுகள் இருந்தவர்தான்.

அந்த வாய்பாட்டை மனப்பாடம் செய்ய வேண்டாம். நான்கு விஷயம் மட்டும் நினைவில் இருந்தால் போதும்: 5 மேக்னிட்யூட் 100 மடங்கு, 2.5 மேக்னிட்யூட் 10 மடங்கு, 1.5 மேக்னிட்யூட் கிட்டத்தட்ட 4 மடங்கு, 1 மேக்னிட்யூட் கிட்டத்தட்ட 2.5 மடங்கு. மேக்னிட்யூட்களைக் கூட்டினால் மடங்குகள் பெருகும். லாக் என்பதே அவ்வளவுதான். சூரியன் -26.7, முழுநிலா -12.7. வித்தியாசம் 14. அதை 5, 5, 2.5, 1.5 என்று உடையுங்கள். 100, 100, 10, 4 இவற்றைப் பெருக்கினால் 4 லட்சம். சூரியன் முழுநிலாவைவிட 4 லட்சம் மடங்கு பிரகாசம். கால்குலேட்டரைத் தொடவே இல்லை, பார்த்தீர்களா? இப்படிப் பத்துக் கணக்குகளை மனதாலேயே போட்ட பிறகு பாடநூல் வாய்பாட்டுக்குப் போங்கள்.

இனி உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்ட இடத்துக்கு வருகிறேன். வீடியோவில் பார்த்த வானம் வேறு, வகுப்பில் வரும் வானம் வேறு என்று உங்களுக்குத் தோன்றுகிறது. வீடியோ முடிவை மட்டும் சொல்லும். சூரியனின் மேற்பரப்பு வெப்பநிலை 5,770 கெல்வின் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடும். அங்கே போய் வெப்பமானி வைத்தது யார் என்ற கேள்வியிலிருந்துதான் உங்கள் தாள் தொடங்குகிறது. அதை வாய்பாட்டுப் பட்டியலாகப் படித்தால் கசக்கத்தான் செய்யும். ஒரே ஒரு முறையாவது முழுதாக, உங்கள் கையாலேயே, ஓர் அளவீட்டிலிருந்து ஒரு முடிவு வரை போய்ப் பாருங்கள். தொலைநோக்கி இல்லை என்ற குறைக்கும் அதுவே மருந்து.

வீட்டில் இருக்கும் சின்ன முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை எடுங்கள். அரை சென்டிமீட்டர் ஓட்டை போட்ட தாளால் அதை மூடுங்கள். வெயிலில் வைத்து, அந்த ஒளியை நிழலில் இருக்கும் ஒரு சுவரில் விழ வையுங்கள். சுவர் 10 மீட்டர் தள்ளி இருக்கட்டும், கல்லூரி வராந்தா இதற்குப் பொருத்தம். சுவரில் ஓர் ஒளி வட்டம் தெரியும். ஓட்டையைச் சதுரமாக வெட்டினாலும் அங்கே வட்டமாகத்தான் விழும், ஏனென்றால் அது சூரியனின் பிம்பம். (ஓட்டு வீட்டில் கூரை இடுக்கு வழியாகத் தரையில் விழும் வட்டங்களும் இதேதான்.) சூரியனை நேராகப் பார்க்காதீர்கள், கண்ணாடி ஒளியை யார் முகத்திலும் அடிக்காதீர்கள். வட்டத்தின் குறுக்களவை அளந்து, அதிலிருந்து ஓட்டையின் அரை சென்டிமீட்டரைக் கழித்துவிடுங்கள். ஒளி சாய்வாக விழுந்து நீள்வட்டமாகிவிட்டால் குறுகிய அளவை எடுத்துக்கொள்ளுங்கள். 9.3 சென்டிமீட்டருக்குப் பக்கத்தில் வரும்.

10 மீட்டரை 9.3 சென்டிமீட்டரால் வகுத்தால் 107.5. சூரியன் தன் விட்டத்தைப்போல 107.5 மடங்கு தூரத்தில் இருக்கிறது என்று பொருள். ஆரத்தைப்போல என்றால் 215 மடங்கு. இந்த 215-ஐ நோட்டில் பெரிதாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சூரியன் எத்தனை கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது என்பதை இதுவரை நாம் எங்கேயும் பயன்படுத்தவில்லை.

அடுத்து நாட்காட்டி. பூமி ஒரு சுற்று வர ஓர் ஆண்டு, அதாவது 3.156 கோடி விநாடி. கெப்ளரின் மூன்றாம் விதியை நியூட்டன் வடிவில் எழுதினால், சூரியனின் நிறை = 4 × பை² × தூரம்³ ÷ (ஈர்ப்பு மாறிலி × ஆண்டு²). இதைச் சூரியனின் கனஅளவால், அதாவது 4/3 × பை × ஆரம்³ என்பதால், வகுங்கள். மிஞ்சுவது இது:

அடர்த்தி = 3 × பை ÷ (ஈர்ப்பு மாறிலி × ஆண்டு²) × (தூரம் ÷ ஆரம்)³

கடைசி அடைப்புக்குள் இருப்பது நம் 215. அதன் கனம், அதாவது 215³, ஏறக்குறைய ஒரு கோடி. முன்னால் இருக்கும் பகுதி 0.000142. பெருக்கினால் கன மீட்டருக்குச் சுமார் 1,400 கிலோகிராம். தண்ணீரைப்போல 1.4 மடங்கு. வராந்தாச் சுவரில் ஓர் ஒளி வட்டம், ஒரு நாட்காட்டி, இயற்பியல் ஆய்வகங்களில் அளந்த ஒரு மாறிலி. இவ்வளவை வைத்துக்கொண்டு சூரியனின் சராசரி அடர்த்தி கைக்கு வந்துவிட்டது. என் வகுப்பில் எந்தக் கருந்துளைப் படத்தைக் காட்டியபோதும் வராத அமைதி இந்த வரியை எழுதும்போது வருவதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னும் முடியவில்லை. பூமியின் வளிமண்டலத்துக்கு வெளியே ஒரு சதுர மீட்டரில் விழும் சூரிய ஆற்றல் 1,361 வாட், இதுதான் சூரிய மாறிலி. ஒளி தூரத்தின் வர்க்கப்படி மங்கும். ஆகவே சூரியனின் மேற்பரப்பில் நின்றால் அது 215² மடங்கு, அதாவது சதுர மீட்டருக்கு சுமார் 6.29 கோடி வாட். ஸ்டெஃபான்-போல்ட்ஸ்மன் விதிப்படி இது மாறிலி × வெப்பநிலை⁴. அந்த மாறிலி 5.67 × 10⁻⁸. வகுத்துவிட்டு வர்க்கமூலப் பொத்தானை இரண்டு தடவை அழுத்துங்கள். 5,770 கெல்வின் வரும். வீடியோ ஒரு வரியில் சொன்னதற்கு இப்போது நீங்களே பொறுப்பு.

இப்போது வேண்டுமென்றே ஒரு தவறு செய்து பாருங்கள். சுவரில் விழுந்த வட்டத்தை 10 சதவீதம் தப்பாக அளந்ததாக வைத்துக்கொள்வோம். அடர்த்தி ஏறக்குறைய 30 சதவீதம் தப்பும், ஏனென்றால் அங்கே கனம் இருக்கிறது. வெப்பநிலையோ 5 சதவீதம்தான் தப்பும். சூரிய மாறிலிக்குப் பதிலாக நண்பகலில் தரைக்கு வந்துசேரும் சுமார் 1,000 வாட்டைப் போட்டாலும் 5,300-க்கு மேல் வந்துவிடும். நான்காம் மூலம் அவ்வளவு தாராளமானது. வானியற்பியலில் எந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதை இப்படித்தான் கற்றுக்கொள்கிறோம். தேர்வில் இதைப் பெரும்பாலும் கேட்க மாட்டார்கள், ஆனால் பின்னால் ஆய்வுக்குப் போனால் தினமும் தேவைப்படுவது இதுதான்.

கொசுறாக ஒன்று. சூரியனின் மொத்த ஒளிர்திறன் 3.83 × 10²⁶ வாட், நிறை 1.99 × 10³⁰ கிலோகிராம். வகுத்தால் ஒரு கிலோகிராமுக்கு 0.0002 வாட்கூடத் தேறாது. சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் ஏறக்குறைய 100 வாட் வெப்பம் வெளியிடுகிறது. கிலோவுக்குக் கிலோ பார்த்தால் நீங்கள் சூரியனைவிடப் பல ஆயிரம் மடங்கு சூடான அடுப்பு. சூரியன் ஏன் இத்தனை நூறு கோடி ஆண்டுகள் தாங்குகிறது என்பதற்கு இதிலேயே பாதி பதில் இருக்கிறது.

கணக்கு சுமாராகத்தான் வரும் என்றீர்கள். மேலே செய்ததில் பெருக்கல், வகுத்தல், அடுக்கு, மூலம் தவிர வேறு என்ன இருந்தது? அறிமுகத் தாளில் முக்கால்வாசி இவ்வளவுதான். மீதிக் கால்வாசியில் வகைக்கெழுச் சமன்பாடுகள் வரும். விண்மீனின் உள்ளே அழுத்தமும் ஈர்ப்பும் சமநிலையில் நிற்பதைச் சொல்லும் சமன்பாட்டைப் பார்த்துத்தான் பல பேர் பாடத்தை மூடி வைக்கிறார்கள். அங்கேயும் ஒரு குறுக்கு வழி உண்டு. ‘ஆரத்தோடு அழுத்தம் மாறும் வீதம்’ என்று வரும் இடத்தில், தற்காலிகமாக, ‘மைய அழுத்தம் ÷ ஆரம்’ என்று எழுதிவிடுங்கள். அடர்த்திக்குச் சராசரி அடர்த்தியைப் போடுங்கள். வாயு விதியையும் சேர்த்தால், மைய வெப்பநிலை = ஈர்ப்பு மாறிலி × சூரிய நிறை × புரோட்டான் நிறை ÷ (போல்ட்ஸ்மன் மாறிலி × ஆரம்) என்று ஒரு மதிப்பீடு கிடைக்கும். போட்டுப் பாருங்கள், சுமார் 2.3 கோடி கெல்வின் வரும். விரிவான கணிப்பில் வருவது 1.5 கோடிக்குக் கொஞ்சம் மேல். ஒரு வரிக் கணக்குக்கு இது ரொம்பப் பக்கம். முதலில் இப்படி ஒரு மதிப்பீடு போட்டுவிட்டு, பிறகு வகைக்கெழுவை முறையாகத் தீர்க்க உட்கார்ந்தால் பயம் பாதியாகிவிடும், விடை எங்கே வர வேண்டும் என்று முன்பே தெரிந்திருப்பதால். (இதே முறையில் மைய அழுத்தத்தைக் கணித்தால் ஏறக்குறைய தொண்ணூறு மடங்கு குறைவாக வரும். ஏன் என்று யோசித்து வையுங்கள். மையத்தின் அடர்த்தி சராசரியைப்போல எத்தனை மடங்கு என்று தேடினால் தடயம் கிடைக்கும்.)

அடுத்த இன்டெர்னலில் நிறமாலை வரும் என்று நினைக்கிறேன். அங்கே எல்லோரும் விழும் குழி ஒன்று இருக்கிறது, முன்பே சொல்லிவிடுகிறேன். ஹைட்ரஜன் கோடுகள் மிக வலுவாகத் தெரியும் விண்மீன்கள்தான் மிகச் சூடானவை, அல்லது அவற்றில்தான் ஹைட்ரஜன் அதிகம் என்று எழுதிவிடுவார்கள். இரண்டும் தப்பு. கண்ணுக்குத் தெரியும் ஹைட்ரஜன் கோடுகள் உருவாக, எலக்ட்ரான் இரண்டாம் ஆற்றல் மட்டத்தில் இருக்க வேண்டும். வெப்பம் குறைந்தால் எலக்ட்ரான் கீழ் மட்டத்திலேயே கிடக்கும், ரொம்பக் கூடினால் அணுவை விட்டே ஓடிவிடும். நடுவில், 10,000 கெல்வின் பக்கத்தில்தான் கோடு உச்சம். எந்த வெப்பநிலையில் எத்தனை பங்கு அணுக்கள் அயனியாகும் என்பதை 1920-இல் எழுதிக் காட்டியவர் கல்கத்தாவிலிருந்த மேக்நாத் சாஹா. உங்கள் பாடத்தில் ‘சாஹா சமன்பாடு’ என்று வருவது அதுதான். அதைக் கையில் எடுத்துக்கொண்டு 1925-இல் சிசிலியா பெய்ன் என்ற இளம் ஆய்வாளர், விண்மீன்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனாலும் ஹீலியத்தாலும் ஆனவை என்ற முடிவுக்கு வந்தார். அன்றைய பெரிய வானியலாளர் ஹென்றி நோரிஸ் ரஸல் அதை நம்பவில்லை. பெய்னும் தன் ஆய்வேட்டில் அந்த முடிவு பெரும்பாலும் உண்மையாக இருக்காது என்று எழுத வேண்டியதாயிற்று. நான்கு ஆண்டுகள் கழித்து ரஸலே வேறு வழியில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். உங்கள் தேர்வில் இந்தக் கதைக்கு மதிப்பெண் இல்லை. ஆனால் சாஹா சமன்பாட்டில் இருக்கும் ஒவ்வொரு குறியீடும் எதற்கு என்று புரிய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

தொலைநோக்கியைப் பற்றி இரண்டு வார்த்தை. தென்காசியில் இருந்துகொண்டு வானத்துக்கு வசதி இல்லை என்று நீங்கள் சொன்னால் இங்கிலாந்து மாணவர்கள் சண்டைக்கு வருவார்கள். சூரியனுக்கு அடுத்தபடியாக நமக்கு மிக அருகில் இருக்கும் ஆல்ஃபா சென்டாரித் தொகுதியை அவர்கள் தங்கள் ஊரிலிருந்து பார்க்கவே முடியாது. நீங்கள் ஏப்ரல், மே இரவுகளில் தெற்கே பார்த்தால் போதும். அகத்திய விண்மீனும் அப்படித்தான். குளிர்கால இரவில் ஓரியன் தொகுதியில் திருவாதிரையையும் ரைஜலையும் மாறி மாறிப் பாருங்கள். ஒன்று சிவப்பு, மற்றது நீலம் கலந்த வெள்ளை. ஒன்று சுமார் 3,500 கெல்வின், மற்றது 12,000-க்குப் பக்கம். சூடு கூடக்கூட நிறம் சிவப்பிலிருந்து நீலத்தை நோக்கி நகரும் என்பதுதான் வீன் இடப்பெயர்ச்சி விதி, அதற்கு வேறு ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருள் போதும், எது எங்கே எத்தனை மணிக்கு என்று சொல்லிவிடும்.

அப்புறம் தரவு. ஐரோப்பிய விண்வெளி முகமையின் கையா விண்கலம் நூறு கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்களின் இடமாறு தோற்றத்தை (தூரத்தைக் கணிக்க உதவும் சின்ன இட நகர்வை) அளந்து வைத்திருக்கிறது. அத்தனையும் இணையத்தில் இலவசம், உங்களுக்கும் அதே தரவு, ஹார்வர்டில் படிப்பவருக்கும் அதே தரவு. கொஞ்சம் பைத்தான் கற்றுக்கொண்டு கார்த்திகைக் கூட்டத்து விண்மீன்களை இறக்கி, நிறத்தையும் மேக்னிட்யூடையும் வைத்து வரைபடம் போடுங்கள். பாடநூலில் இருக்கும் முதன்மைத் தொடர் உங்கள் திரையில் கோடாக வந்து விழும். அந்தக் கூட்டம் சுமார் 136 பார்செக் தூரத்தில் இருக்கிறது (ஒரு பார்செக் என்பது சுமார் 3.26 ஒளியாண்டு). நம் சூரியனை அங்கே கொண்டுபோய் வைத்தால் மேக்னிட்யூட் 10.5, வெறும் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அந்த 10.5 எப்படி வந்தது என்பதை உங்களுக்கு வீட்டுப்பாடமாக விடுகிறேன். சூரியனின் தனி மேக்னிட்யூட், அதாவது 10 பார்செக் தூரத்தில் வைத்தால் தெரியும் மேக்னிட்யூட், 4.83.

விடுமுறையில் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்கு ஒரு தடவை போய்வாருங்கள். 1899-இல் நிறுவியது, சென்னை வானாய்வகத்தின் வாரிசு. சூரியக் கறைகளில் வாயு ஓரத்தை நோக்கிப் பாய்வதை, நிறமாலைக் கோடுகள் சற்றே நகர்ந்திருப்பதை வைத்து 1909-இல் எவர்ஷெட் கண்டுபிடித்தது இங்கேதான். டாப்ளர் விளைவுக்கு எடுத்துக்காட்டு எழுதச் சொன்னால் ரயில் ஊதுவதை எழுதாமல் இதை எழுதுங்கள். ஊட்டி பக்கம் முத்தோரையில் ஒரு ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது, 530 மீட்டர் நீளம். அந்த மலைச்சரிவின் சாய்வு சுமார் 11 பாகை, அந்த இடத்தின் அட்சரேகையும் அதுவே. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகப் படுத்திருக்கிறது. அந்த ஒரே அச்சில் சுழற்றினால் ஒரு வான்பொருளை மணிக்கணக்காகத் தொடர்ந்து பார்க்கலாம். வான ஆயத்தொலைவுகள் பாடத்தில் வரும் படம் புரியாதவர்கள் அந்த மலையைப் பார்த்தால் போதும். ஜவ்வாது மலையில் காவலூரும் இருக்கிறது, 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியோடு. எங்கே போவதானாலும் பார்வையாளர்களை எப்போது விடுகிறார்கள் என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

எம்.எஸ்சி. விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை: இயற்பியல் எடுங்கள். பெயரில் ‘வானியற்பியல்’ இருக்கிறது என்பதற்காகப் பெரிய கட்டணம் கட்டி எங்கேயும் சேர வேண்டாம். சந்திரசேகர் சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல்தான் படித்தார். 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது வெண்குறுமீனின் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீனின்) நிறைக்கு ஒரு வரம்பு உண்டு என்று அவர் கண்டது, குவாண்டம் புள்ளியியலையும் சிறப்புச் சார்பியலையும் ஒன்றாக வைத்துப் பார்த்ததால். இரண்டுமே இயற்பியல் பாடங்கள். பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனம், புனே ஐயுகா போன்ற இடங்களுக்கு முனைவர் பட்டத்துக்குப் போகிறவர்களிலும் பெரும்பாலோர் இயற்பியல் முதுகலை முடித்தவர்களே.

அப்பாவிடம் சண்டை போடாதீர்கள். அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. இந்தத் துறையில் முனைவர் பட்டத்துக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகும், அதற்குப் பிறகும் நிரந்தர வேலை குறைவு. இதை மறைத்து உங்களை உசுப்பிவிட எனக்கு விருப்பமில்லை. ஆனால் அவரிடம் ஒன்று சொல்லுங்கள்: மேல்நிலை வகுப்புக்கு இயற்பியல் ஆசிரியராக வேண்டுமென்றால் எம்.எஸ்சி., பி.எட். இரண்டும் வேண்டும். எம்.எஸ்சி. இயற்பியல் முடித்தால் அவர் சொன்ன கதவும் திறந்தே இருக்கும். வானியற்பியலுக்காக நீங்கள் கற்கும் பைத்தானும் தரவுப் பகுப்பாய்வும் வேறு வேலைகளுக்கும் கைகொடுக்கும். பி.எட்.டை எம்.எஸ்சி.க்குப் பிறகு படிக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள், ஒத்துக்கொள்வார் என்றே நினைக்கிறேன்.

தமிழ் வழி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். தமிழிலேயே யோசித்துக் கணக்கைப் போடுங்கள். விடையை மட்டும் தினம் ஒரு பத்தி ஆங்கிலத்தில் எழுதிப் பழகுங்கள். ஒரு பருவத்தில் சரியாகிவிடும்.

அடுத்த வேலை நுழைவுத் தேர்வு. ஐ.ஐ.டி.க்களில் எம்.எஸ்சி. சேர ஜாம், ஆய்வு நிறுவனங்களுக்கு ஜெஸ்ட். ஜாம் தேர்வு பிப்ரவரியில் நடக்கும், விண்ணப்பம் அதற்குப் பல மாதம் முன்பே, உங்கள் மூன்றாம் ஆண்டின் தொடக்கத்திலேயே வந்துவிடும். ஜாம் இயற்பியல் பாடத்திட்டத்தில் வானியற்பியல் என்று தனிப்பகுதியே கிடையாது. இயக்கவியல், மின்காந்தவியல், வெப்ப இயக்கவியல், நவீன இயற்பியல் போன்றவைதான். பழைய வினாத்தாள்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். இந்த விடுமுறையிலேயே இரண்டு தாள் இறக்கி, இயக்கவியல் கேள்விகளை மட்டும் நேரம் பார்க்காமல் போட்டுப் பாருங்கள். எங்கே மாட்டிக்கொள்கிறீர்கள் என்று எனக்கு எழுதுங்கள், அங்கிருந்து பேசலாம்.